பழைய குணம்

பால்சாமி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அந்தக் கரிமூட்டம் எரிந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது. பட்டப்பகல். நாங்கள் கொஞ்சம் தள்ளிக் கண்மாய்க்குள் கருவை வெட்டிக்கொண்டிருந்தோம். கச்சான் காற்று புழுதியை அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தது. புகை ஒரு நிலையில் இல்லாமல் குபுகுபுவென்று எழும்புவதைப் பார்த்து நான்தான் முதலில் ஓடினேன். மூட்டத்தின் வடபக்கம் மண் வெடித்து, ஓர் ஆள் நுழைகிற மாதிரி வாய் பிளந்திருந்தது. உள்ளே கட்டையெல்லாம் தணலாகக் கிடந்தது. அவர் நாலடி தள்ளிக் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அனலில் மீசை நுனி சுருண்டிருந்தது.

"என்னண்ணே, பாத்துக்கிட்டே இருக்கீக?"

"எரியுது கூத்தையா," என்றார். பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கரி போடுகிற வேலை எரிக்கிற வேலை இல்லை. எரியவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கருவைக் கட்டையை வட்டமாக அடுக்கி, செத்தையைப் போட்டு மூடி, மேலே சேற்று மண்ணைப் பூசித் தீ வைப்போம். அப்புறம் அது காற்றுக்கு ஏங்கிக்கொண்டு உள்ளேயே வேக வேண்டும். மண்ணில் ஒரு விரல் வெடிப்பு விழுந்தாலும் காற்று நுழைந்துவிடும். நுழைந்தால் கரி கிடையாது, சாம்பல்தான். வெடிப்பு விழுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் புகையின் வாடை மாறும். பச்சைக் கட்டை வேகிற புளிப்பு வாடை போய், ஒரு காந்தல் வரும். எங்களுக்கெல்லாம் அந்தக் காந்தல் தெரிகிறபோது காரியம் கெட்டிருக்கும். பால்சாமி அண்ணனுக்கு மட்டும் முன்னாலேயே தெரியும். சிக்கல் ஊருக்குத் தெற்கே எங்கள் கண்மாயில் நாலைந்து மூட்டம் ஒரே நேரத்தில் வேகும். அவர் கரையில் வேப்பமரத்தடியில் படுத்தபடியே, மூன்றாவது மூட்டத்தைப் போய்ப் பாருங்கடா என்பார். போய்ப் பார்த்தால் நூல் கனத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்கும். அவரை மூக்கன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள்.

ஏனென்றால் அவருடைய கோபம் அப்படி. மூட்டத்தடியில் வேலைக்காரர்களை அடிக்க முடியாது, வைவார். அடி எல்லாம் வீட்டுக்குத்தான். பஞ்சம்மாள் மதினி நேற்று வைத்த குழம்பில் ஒரு கரண்டியை இன்றைய குழம்பில் கலந்திருந்தாலும் சோற்று வட்டிலை முகத்துக்கு நேரே கொண்டுபோனதும் கண்டுபிடித்துவிடுவார். வட்டில் வாசலுக்குப் பறக்கும். அதற்குப் பின்னால் மதினி பறந்து வந்து விழுவாள். ஒரு தரம் மூட்டம் கிளறுகிற கம்பால் அடித்து, அவள் இடது மணிக்கட்டு ஒடிந்துபோனது. வைத்தியர் கட்டியது சரியாகக் கூடவில்லை. எங்கள் வீடு ஒட்டிய வீடு. நடுவில் முள்வேலிதான். எல்லாம் கேட்கும்.

அப்புறம் அது நின்றுபோனது.

என்றைக்கு நின்றது என்று யாருக்கும் தெரியாது. வலி வந்தால் வந்த நாள் தெரியும். போன நாளை யார் கவனிக்கிறார்கள். ஒரு நாள் சோறு அடிப்பிடித்து வேலி தாண்டி எங்களுக்கே நாறியது. இன்றைக்குச் சண்டை உண்டு என்று என் பெண்டாட்டி அடுப்பை விட்டு எழுந்து நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் மதினி சொன்னாளாம், கருகின சோற்றை உப்புக் கருவாட்டோடு தின்றுவிட்டு, நல்லாருக்கு என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். அவள் சிரித்து அந்தத் தெருவில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

புருசன் கோபம் தணிந்தால் மண்குதிரை எடுத்து வைப்பதாக அவள் அய்யனாருக்கு முன்னமே நேர்ந்திருந்தாள். அந்த வருசம் பங்குனியில் குதிரையைச் செய்யச் சொல்லி வாங்கி, தலையில் வைத்து நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணனும் கூடவே போனார். எதற்குப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்து போகிற ஆளாக அப்போது ஆகியிருந்தார்.

அதற்குப் பின்னால்தான் மூட்டம் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பித்தது. கண் அசந்துவிட்டார், வயசாகிவிட்டது, குடிக்கிறார் என்று ஆளுக்கொன்று சொன்னோம். முதலாளி வந்து கத்தினார். அண்ணன் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்பு அவர் கத்தினால் முதலாளி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். அன்றைக்கு நான் பார்த்த பட்டப்பகல் எரிப்புதான் கடைசி. அதோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாங்கள் தீயை அணைத்து முடித்தபோது அவர் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. குத்தவைத்தபடியே வேட்டியோடு மூத்திரம் போயிருந்தார். அது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாங்களும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

சாயல்குடியிலிருந்து அவருடைய அக்காள் பாண்டியம்மாள் வந்தாள். வாட்டசாட்டமான பொம்பிளை. தம்பியைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். மருந்து வைத்துவிட்டாய் என்று சொன்னாள். எங்கள் பக்கம் இது பெரிய சொல். புருசனை அடக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ள, சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்து. அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளைப் பொட்டையாக்கிவிடும் என்பார்கள்.

"சிங்கம் கணக்கா இருந்த எந்தம்பிய இப்பிடிச் சாணி உருண்டையா ஆக்கிட்டியேடி," என்றாள் தெருவில் நின்று.

மதினி வாசலிலேயே நின்றாள். மருந்து வைக்கவில்லைதான். ஆனால் அய்யனாரிடம் கேட்டிருக்கிறாளே. கேட்டது கிடைத்தும் இருக்கிறதே. அந்தக் குற்றம் அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பாண்டியம்மாள் மருந்து வைத்த குற்றம் என்று எடுத்துக்கொண்டாள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் மருந்து எடுக்கிற கிழவி ஒருத்தியிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ தட்டில் துப்பிக் காண்பித்தாளாம். பாண்டியம்மாள் அதை ஊரெல்லாம் சொன்னாள். அண்ணன் அதற்கப்புறமும் அப்படியேதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் மோசமாக, வாசல்படி எங்கே என்று காலால் தடவ ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் ஏர்வாடி.

நானும் போனேன். அவரைத் தனியாகப் பொம்பிளைகள் இருவர் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. அறிவொளிக்காரர்கள் ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தியபோது நாலு எழுத்துக் கற்றிருந்தேன், பஸ் போர்டு வாசிப்பேன் என்பதும் ஒரு காரணம். தர்கா பக்கம் கடல் மணலில் ஓலைக்குடிசை போட்டு எந்தெந்த ஊர்ச் சனமோ இருந்தது. தாய் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி புருசனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. மதினி அங்கே வந்த பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார். வாவு முகம்மது என்று பெயர். கொழும்பில் கடை வைத்திருந்து வந்து வயசாகிப்போனவர். பால்சாமி அண்ணனுக்கு வலப்பக்கத்திலிருந்து பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. முகத்துக்கு நேராகக் கொண்டுவந்ததும் வாங்கினார். வாவு முகம்மது நகரவில்லை. பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, இடப்பக்கத்திலிருந்து நீட்டினார். அண்ணன் நேரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுஹளுக்கு எத்தனை நாளா இப்பிடி?" என்று மதினியிடம் கேட்டார்.

பாண்டியம்மாள் முந்திக்கொண்டு மருந்து விசயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மணலில் எங்களோடு உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். நெற்றிக்கு மேலே வலப்பக்கம் ஒரு பள்ளம். உள்ளங்கையை வைக்கிற அளவு. எலும்பில்லாமல் வெறும் தோல்தான் மூடியிருந்தது. அவர் பேசும்போது அது லேசாக ஏறி இறங்கியது.

எழுபத்தாறில் அவருக்குத் தலைக்குள் கட்டி வந்ததாம். கொழும்பிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து மெட்ராசில் சேர்த்தார்களாம். கட்டி இருக்கிறது என்று சந்தேகப்பட்டாலும், எங்கே இருக்கிறது என்று பார்க்க அன்றைக்கு வழி கிடையாது என்றார்.

"முதுகுத்தண்டுல ஊசிய ஏத்தி, இருக்கிற தண்ணிய எடுத்துட்டுக் காத்த விட்டாஹ. நாக்காலில வச்சுக் கட்டித் தலைகீழாச் சுத்துனாஹ. காத்து மண்டைக்கு ஏறி எங்கன முட்டி நிக்கிதுன்னு படம் புடிக்கணுமாம். அந்த வலிக்கு எங்க உம்மாகிட்ட, என்னைய மவுத்தாக விட்டுருங்க உம்மான்னு கெஞ்சுனேன். காத்து நிக்கிற நெழல வச்சுக் குத்துமதிப்பாத்தான் மண்டைய ஒடைச்சாஹ. மொதல்ல ஒடைச்ச எடத்துல கட்டி இல்ல. ரெண்டாம் தரம் ஒடைச்சு எடுத்தாஹ. எடுத்த எலும்பத் திருப்பி வச்சு மூட முடியல."

அதைக் கேட்டுப் பாண்டியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார், இப்போது அப்படியெல்லாம் கிடையாது, குழாய் மாதிரி ஒரு மிசினுக்குள் படுக்கவைத்துத் தள்ளினால் போதும், தேங்காயைச் சில்லுச் சில்லாக அறுத்த மாதிரி மண்டையை அறுக்காமலே படம் வந்துவிடுகிறது, வருசத்துக்கு ஒருதரம் தான் மதுரையில் போய்ப் பார்த்துக்கொள்வதாக. தனக்கும் முதலில் பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல்தான் போனதாம். தர்காவில் பாவாவிடம் துவா கேட்டு வேண்டிக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டுச் சாயங்காலமே பஸ் ஏறுங்கள் என்றார்.

நாங்கள் மறுநாள் ஏறினோம். இராமநாதபுரத்தில் மாறி மதுரை. பரமக்குடி தாண்டும்வரை மதினி அவருக்கு ஜன்னலோரம் விட்டிருந்தாள். ஆத்துப்பாலம் வந்தது, வைகையில் தண்ணீர் இல்லை. "ஆறு பாருங்க," என்றாள். அவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் ஆமாம் என்றார்.

மதுரையில் பெரிய டாக்டர் தலை நரைத்தவர். மெதுவாகப் பேசினார். அண்ணனை உட்கார வைத்து விரலை ஆட்டிப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, ஒரு பக்க மூக்கைப் பொத்தி மறுபக்கம் பிடித்தார். எங்களுக்கே அடித்தது. காப்பித்தூள்.

"என்ன வாசனை?"

"தெரியல," என்றார் அண்ணன்.

அடுத்த மூக்கிலும் தெரியவில்லை. சோப்பு, பெப்பர்மிண்டு, கிராம்பு, எதுவும் தெரியவில்லை. மதினி எழுந்துவிட்டாள். அது எப்படி, அவர் மூக்கன் ஆயிற்றே என்று டாக்டரிடமே சொன்னாள். எத்தனை நாளாகத் தெரியவில்லை என்று டாக்டர் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கெட்டுப்போன மூட்டமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அவர் காவலுக்கு இருந்திருக்கிறார், தூங்கவில்லை, குடிக்கவில்லை. வாடை வரவில்லை, அவ்வளவுதான். வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

வார்டில் சேர்த்துப் படம் எடுத்து வந்ததும் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். தலையைக் குறுக்கே அறுத்தது, நெடுக அறுத்தது என்று வரிசையாக இருந்தது. மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவில், ஒரு வெள்ளை உருண்டை. பிசிறில்லாமல், சாத்துக்குடி அளவுக்கு இருந்தது. மூளை இரண்டு பக்கமும் அதற்கு ஒதுங்கி வழிவிட்டிருந்தது. தான் படிக்கிற காலத்தில் இதைப் பார்ப்பதற்கே தலையைத் திறக்கவேண்டும், இப்போது திறப்பதற்கு முன்னாலேயே எந்த இடத்தில், எந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் என்று தெரிந்துவிடுகிறது என்றார் டாக்டர்.

"இது புத்துநோய் இல்லம்மா. மூளையோட உறையில இருந்து வர்ற கட்டி. ரொம்ப மெதுவா, வருஷக்கணக்கா வளரும். முதல்ல வாசனை நரம்பை நசுக்கும். அப்புறம் முன்மூளையை அமுக்கும். அப்ப மனுஷன் சாதுவாயிடுவாரு. கோபதாபம் இருக்காது, எதுலயும் பிடிப்பு இருக்காது. வீட்ல இருக்கவங்க, வயசாச்சு, பக்குவம் வந்துருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. கண்ணு போனதுக்கப்புறம்தான் இங்க வருவாங்க."

மதினி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்குவம் வரலீங்களா?" என்றாள்.

"கட்டி அமுக்குதும்மா. அதான்."

மின்விசிறி படத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எடுக்காவிட்டால் தீபாவளிக்குள் இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விடும், அப்புறம் உயிரும் போய்விடும் என்றார் டாக்டர். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். கண் கொஞ்சம் மீளலாம். மூக்கு மீளாது. யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"எடுத்தா குணமாயிருமாங்க?"

"குணமாயிரும்மா."

"பழைய குணமாங்க?"

டாக்டர் சிரித்தார். நல்ல மனுசர். அவர் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டார்.

"பழைய குணமே வந்துரும். நிறைய பேருக்கு வந்திருக்கு. பயப்படாதீங்க."

வெளியே வந்ததும் பாண்டியம்மாள் முடியாது என்றுவிட்டாள். தலையில் கத்தி வைத்துப் பிழைத்தவன் உண்டா, அந்தக் கீழக்கரை ராவுத்தர் மண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தீர்கள்தானே, அந்தக் கோலத்தில் என் தம்பியை வைத்துப் பார்க்கமாட்டேன், இருக்கிறவரை இருக்கட்டும், ஊருக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றாள். மருந்துப் பேச்சையும் விடவில்லை. வைத்த மருந்து குடலிலிருந்து தலைக்கு ஏறி இறுகிவிட்டது என்றாள். சொல்லிவிட்டுத் தம்பி கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

சிங்கம் வேண்டும் என்கிறவளே ஆபரேசன் வேண்டாம் என்கிறாள். மதினி அவள் சொல்லுக்கு ஆமாம் போட்டிருந்தால் போதும். நாத்தனார் சொன்னாள், கேட்டேன் என்று முடிந்திருக்கும். ஒருத்தரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் குழாயடிப் பக்கம் நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து பொட்டலத்தில் வாங்கின எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தோம். அவள் சாப்பிடவில்லை. சோற்றில் கிடந்த கடலைப் பருப்பைப் பொறுக்கி ஒரு ஓரமாக வைத்துக்கொண்டே பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"தம்பி, இந்த ரெண்டு வருசமாத்தேன் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சு."

நான் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

"முத்தத்துல உக்காந்து புளி ஒடைப்பேன். எதுக்க வந்து உக்காந்துக்கிருவாக. ஒண்ணும் பேச மாட்டாக. சும்மா உக்காந்திருப்பாக. எம்புட்டு நல்லாருக்கும் தெரியுமா. கருகுன சோத்தத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னாகளே, எனக்குன்னு நெனச்சுச் சொல்றாகன்னு நெனச்சேன். சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு குதிரை எடுத்தேன் தம்பி. கட்டிக்குல்ல குதிரை எடுத்திருக்கேன்."

அவள் அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. பருப்பெல்லாம் பொறுக்கி முடித்துச் சோற்றை மறுபடியும் மடித்துக் கட்டினாள். ஊரில் இந்நேரம் மழை இறங்கியிருக்குமா என்று கேட்டாள். மேகம் கூட இல்லை என்றேன். வெள்ளாட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அவிழ்த்துக் கட்டியிருக்குமா என்றாள். என் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் குழாயில் பொம்பிளைகள் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. வேலி தாண்டி எனக்கும் இரண்டு வருசம் நல்ல தூக்கம் இருந்தது.

வார்டுக்குத் திரும்பினோம். நடு மத்தியானம். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, வெயில் கட்டில்கால்வரை விழுந்திருந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியை யாரோ மாற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டு மதினி இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தப்பி, சுவருக்குத் திருப்பினார்.

"பஞ்சம்மா, லைட்டப் போடேன். இருட்டிருச்சு," என்றார்.

தன்மையாகத்தான் சொன்னார். அவள் அவர் காலடியில் நின்றாள். சுவிட்சு இருந்த இடம்வரை போய், அதைப் போட்டாள். போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நர்சு இருந்த மேசைக்குப் போய், எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டாள். சாட்சிக்கு நான் பெயர் எழுதினேன். பாண்டியம்மாள் தாலியறுக்கப் பார்க்கிறாயா என்று கத்திக்கொண்டே வந்தாள். மதினி பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேசனுக்குக் காலையில் உள்ளே கொண்டுபோனவரை விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பாண்டியம்மாள் ஒரு கையில் அய்யனார் கோவில் திருநீறும் மறு கையில் ஏர்வாடிக் கயிறுமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து முகமூடியை இறக்கினார். நெற்றி முடியோரமாகத் திறந்து, பூதக்கண்ணாடி மிசின் வைத்துப் பார்த்து, கட்டியைக் கரைத்து உறிஞ்சுகிற கருவியால் உள்ளுக்குள்ளேயே குடைந்து காலிபண்ணி, கடைசியில் மிச்சமிருந்த அதன் மேல்தோலை உரித்து எடுத்தோம் என்றார். கண் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பையும் வைத்து மூடிவிட்டோம், பள்ளம் விழாது என்று பாண்டியம்மாளிடம் தனியாகச் சொன்னார். அவள் அவர் காலில் விழப்போனாள்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் கிடந்தார். தலை பூராவும் வெள்ளைத் துணி. முகம் வீங்கி, கண் இரண்டும் பனங்கிழங்கு கீறினது மாதிரி கோடாக இருந்தது. வீக்கம் வடிந்தது. பேச்சு இல்லை. டாக்டர் தினமும் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார். அவர் தன் விரலை மடக்கிப் பதில் காட்டுவார். முதலில் தப்பாகக் காட்டினார், அப்புறம் சரியாகக் காட்டினார். மதினி துடைத்து, ஊட்டி, பீ மூத்திரம் எடுத்து, கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். நான் ஊருக்குப் போய் நாலு மூட்டம் வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வந்தேன். அதே பாயில் அதே மாதிரி இருந்தாள். கண் தெரிகிறதாமே என்றேன். தெரிகிறது என்றாள்.

நான் திரும்பி வந்த மறுநாள் காலை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அரிசிக்கஞ்சியை டம்ளரில் ஆற்றிக் கொண்டுவந்து, தலையணையை அண்டைகொடுத்து நிமிர்த்தி, அவர் வாயில் வைத்தாள். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நேராக, அவள் முகத்தில். அந்தப் பார்வையை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்துவைத்திருந்தவன்.

"எவடி வச்சது இத. உப்பப் போடணும்னு ஒரு நாயிக்குத் தெரியாதா," என்றார். கையை வீசினார். பலமில்லாத கைதான், ஆனாலும் டம்ளர் பறந்துபோய்ப் பக்கத்துக் கட்டில் காலில் விழுந்தது. கஞ்சி அவள் கழுத்திலிருந்து மடிவரை வழிந்தது.

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்சுப்பிள்ளை சந்தோசமாக ஓடி வந்தது. பேசிவிட்டார், பேசிவிட்டார் என்று டாக்டரைக் கூப்பிடப் போனது. பாண்டியம்மாள் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு, எந்தம்பி வந்துட்டான், எந்தம்பி எனக்கு வந்துட்டான் என்று அழுதாள். பக்கத்துக் கட்டில்காரரும் அவர் மகளும் கூட எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் வந்தார். அண்ணன் அவரிடமும் கஞ்சியைப் பற்றித்தான் கத்தினார். டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு மதினியிடம் சொன்னார்.

"நான் சொன்னேன்லம்மா. பழைய குணம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க," என்றாள் மதினி.

அவர்கள் போனதும் அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். தரையைத் துடைத்தாள். டம்ளரைக் கழுவி, மிச்சக் கஞ்சியை ஊற்றினாள். வாசல் கடையில் உப்பு வாங்கிவரச் சொன்னாள், நான் வாங்கிவந்தேன். கல் உப்பை விரலால் நசுக்கிப் போட்டு ஆற்றினாள். பின்பு கட்டிலருகே இருந்த ஸ்டூலில் வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சுவர்வரை நகர்ந்தாள்.

அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பினார்.

"என்னடி, அங்கன போயி நிக்கிற?"

"கண்ணு தெரியுதுல்ல?" என்றாள்.

"தெரியுது. அதுக்கென்ன?"

"எடுத்துக் குடிங்க."

பாண்டியம்மாள் எழுந்தாள், தான் ஊட்டப்போகிறவள் மாதிரி. மதினி அவளைப் பார்த்தாள். பாண்டியம்மாள் ஏனோ உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்திரிக்கப் பார்த்தார், தலை பாரம் இழுத்துத் திரும்பச் சாய்ந்தார். என்னென்னவோ வைதார். மதினி கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து, அவர் கை ஸ்டூலுக்குப் போனது. முதலில் பக்கத்துக் காற்றைப் பிடித்தது. பிறகு டம்ளரைப் பிடித்தது. இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சில் கொஞ்சம் சிந்தி, குடித்தார்.

குடித்துவிட்டு வெறும் டம்ளரை அவளுக்கு நேராக நீட்டினார். வாங்குவதற்கு அவள் வரவில்லை.

"அங்கனயே வைங்க," என்றாள்.